ஒவ்வொரு தோல்விக்கும் ஓர் அன்னாசி

புதிதாக ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு என்னை எங்கே பேசக் கூப்பிட்டாலும், "இவர் கை படாத கணினி ஜொகூரில் இல்லை" என்று சொல்லித்தான் மைக்கை நீட்டுகிறார்கள். கை பட்டது உண்மை. பட்ட பிறகு அவற்றில் எத்தனை பிழைத்தன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். பிழைத்த ஒன்றைப் பற்றி நானே சொல்கிறேன்.

அடியோடு செத்துப்போன ஹார்ட் டிஸ்க் நம் தொழிலுக்கு மிக நல்லது. போய்ப் பார்ப்போம், இறந்துவிட்டது என்போம், புதியதைப் போடுவோம், வீட்டுக்கு வந்துவிடுவோம். விட்டு விட்டு வரும் கோளாறு அப்படியில்லை. அது பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி. நாம் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவ்வளவு ஒழுக்கம். நாம் கிளம்பிக் கார் கதவைச் சாத்தியதும் சுயரூபம்.

பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசி டின் தொழிற்சாலை. ஸ்கூடாயில் இருக்கும் என் வீட்டிலிருந்து பொந்தியான் சாலையில் போக வேண்டும். அங்கே லேபிள் அறை என்று ஒன்று உண்டு. டின்னில் ஒட்டும் லேபிளில், எந்தத் தொகுதி, எப்போது அடைத்தது என்ற எண்ணை அங்கேதான் அச்சடிப்பார்கள். எண் இல்லாத டின் அட்டைப்பெட்டிக்குள் போகாது. அட்டைப்பெட்டி நிறையாமல் கண்டெய்னர் கிளம்பாது. இத்தனைக்கும் பின்னால் இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் கணினி. அதை அங்கே வைத்தவன் நான். வைத்த நாளில், "இது படுக்கவே படுக்காது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவனும் நான்தான். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையின் தலைவி மேரி அக்கா. என்னைவிட வயதில் இளையவர். ஆனால் தொழிற்சாலை முழுவதற்கும் அவர் அக்கா. சீன முதலாளியான தவுக்கேகூட அப்படித்தான் கூப்பிடுவார், எனக்கு மட்டும் எதற்கு விதிவிலக்கு. பதிலுக்கு அவர் என்னை அண்ணே என்பார். ஆக நாங்கள் ஒருவருக்கொருவர் மூத்தவர்கள்.

மேரி அக்காவும் அவருக்குக் கீழே இருந்த பெண்களும் அந்த அறைக்கு வருமுன் தோல் சீவும் கூடத்தில் நின்றவர்கள். அன்னாசிச் சாறு சும்மா விடாது. கையுறைக்குள் எப்படியோ புகுந்து விரல் நுனிகளைத் தின்றுவிடும். மேரி அக்காவின் விரல் நுனிகள் அந்த அறைக்கு வந்த பிறகுதான் மறுபடி வளர்ந்தன என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். விலையில்லாத லினக்ஸ் போதும் என்று தவுக்கேயிடம் வாதாடி, அறைக்கு அந்தக் கணினியைக் கொண்டுவந்ததும் அவர்தான். என் வாய்ச்சவடாலை நம்பித்தான்.

கோளாறு இப்படி வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் காணாமல் போகும். லினக்ஸ் உடனே, இனிமேல் படிக்க மட்டும் செய்வேன், எழுத மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொள்ளும். அச்சு நிற்கும். அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்காரும். பிறகு அடுத்த முறை வரைக்கும் நிம்மதி. அடுத்த முறை எப்போது என்பது அதற்கு மட்டும்தான் தெரியும்.

முதல் முறை போனபோது அறை பளிச்சென்று இருந்தது. மேசையைத் துடைத்து, கணினிப் பெட்டியை நடுவில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி, அதன் முகத்துக்கு நேரே ஒரு விசிறி, சூடாக ஒரு குவளை தே ஓ, அதாவது பால் விடாத தேநீர். பெட்டியைத் திறந்து டிஸ்க்கை விசாரித்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், தெரியும்தானே. தட்டில் கெட்ட இடம் ஒன்றுகூட இல்லை என்றது. டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில், வழியில், தகவல் சிதைந்த எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கிறது என்றது. தெளிவான வாக்குமூலம். நான் என்ன செய்தேன்? டிஸ்க்கை மாற்றினேன். ஹார்ட் டிஸ்க் பிழை என்று திரையிலேயே எழுதியிருக்கும்போது வேறு யாரைப் பிடிப்பது என்பது என் நியாயம். வீட்டில் திருடு போய்விட்டது என்று புகார் கொடுக்க வந்தவனையே உள்ளே தள்ளுவது மாதிரி.

கிளம்பும்போது மேரி அக்கா ஒரு பெரிய அன்னாசியைக் கையில் கொடுத்தார். வீட்டில் அது பச்சடி ஆனது.

இரண்டாம் முறை கூப்பிட்டபோது பெட்டியையே காரில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு வந்தேன். கடையில் நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சோதனை செய்வோம். மறுபடி மறுபடி திருகாணி போட யாருக்குப் பொறுமை. அது அங்கே நாள் கணக்கில் ஓடியது. இருமக்கூட இல்லை. ஆனாலும் சும்மா திருப்பிக் கொடுக்க மனம் வராமல், வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றைப் போட்டேன். இரண்டாவது அன்னாசி சம்பால் ஆனது.

மூன்றாம் முறைதான் புத்தி வந்து வாக்குமூலத்தைக் காதுகொடுத்துக் கேட்டேன். வழியில் சிதைகிறது என்றால் வழி எது, கேபிள். புதுக் கேபிள் போட்டேன். மதர்போர்டில் துளையையும் மாற்றிச் செருகினேன். மூடியைச் சாத்தி அதன் மேல் செல்லமாக ஒரு தட்டு தட்டி, "இனிமே என் முகத்த மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது அன்னாசியை வாசலிலேயே என் மனைவி பார்த்துவிட்டார்.

"வேல முடிஞ்சிருச்சுன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க. அப்புறம் எதுக்குப் பழம் வந்துக்கிட்டே இருக்கு?"

நியாயமான கேள்வி. அது ரசத்தில் போனது. ரசம் ஆறுவதற்குள் கோளாறு திரும்பியது.

நான்காம் முறை என்னைக் கூப்பிட்டது மேரி அக்கா இல்லை, தவுக்கே. காலையிலேயே, நேராக என் கைப்பேசிக்கு. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். மதியம் கண்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும், காலையில் மறுபடி ஒரு முறை நின்றுவிட்டது, இன்றைக்கு இன்னொரு தடவை நின்றால் லேபிள் வேலையை மைத்துனரின் அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டு அறையை மூடிவிடுவேன் என்றார். அப்போது அந்த அறைப் பெண்கள் என்று நான் இழுத்தேன். சீவும் கூடத்தில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான் என்றார்.

போகிற வழியில், காரின் பின் இருக்கையில் ஒரு மாற்றுக் கணினியையும் போட்டுக்கொண்டேன். முழுத் தோல்விக்குத் தயாராகப் போவதும் நம் தொழிலில் ஒரு மரியாதைதான்.

லேபிள் அறைக் கதவைத் தள்ளினால், உள்ளே எல்லாரும் திடுக்கிட்டார்கள். நான் வருவதைத் தவுக்கே அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. நாற்காலி இல்லை, விசிறி இல்லை, தே ஓ இல்லை. படுக்கவே படுக்காது என்று நான் சொன்ன பெட்டி மேசை ஓரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் விலாவின் மேல் லேபிள் அச்சடிக்கும் இயந்திரம் உட்கார்ந்து 'கிர்க் கிர்க்' என்று லேபிள்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

மேரி அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. கோமதி என்கிற இளம்பெண்ணைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொன்னார். "வெளிய ஒரு நிமிசம் நில்லுங்கண்ணே, சுத்தம் பண்ணிடறோம்."

"எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்றேன்.

"தரை கழுவறப்ப கீழ தண்ணி ஏறிடுதுண்ணே. அதான் மேல தூக்கிப் படுக்கப் போட்டோம். மேசையில இடம் இல்ல, மிசினையும் அது மேலயே வச்சுட்டோம். நீங்க வர்றப்ப எறக்கி, தொடச்சு, நிமுத்தி வச்சிருவோம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"டாக்டர் வர்றாருன்னா வீட்ட அப்படியே போட்டா வைப்பாங்க?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மூன்று முறையும் நான் பார்த்தது நோயாளியை இல்லை. எனக்காகக் குளித்து, தலை வாரி, பவுடர் பூசிக்கொண்டு வந்த நோயாளியை. அவர்கள் மரியாதை செய்யச் செய்ய எனக்கு மூளை மழுங்கியிருக்கிறது. நம் ஆட்கள் வீட்டுக்குப் பழுது பார்க்கப் போனால் இது நடக்கும். குழாய் ரிப்பேருக்கு வருகிறவனுக்குக் கூடக் குழாயைத் தேய்த்து வைக்கும் ஜனம் நாம்.

எதையும் தொட வேண்டாம், இருந்தது இருந்தபடியே ஓடட்டும் என்று சொன்னேன். அதுவரை சரி. உடனே ஞானம் பிறந்துவிட்டதாக நினைத்து, பெட்டியின் காற்றுத் துளை அடைபட்டுவிட்டது, எல்லாம் வெப்பத்தின் வேலை என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். கோமதி வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு டிஸ்க்கின் வெப்பநிலையைப் பார்த்தேன். என்னைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. சொற்பொழிவை அங்கேயே முடித்துக்கொண்டேன்.

அதற்குள் தவுக்கே வந்துவிட்டார். வெளியே லாரி வந்து நின்ற சத்தமும் கேட்டது. மாற்றுக் கணினி கொண்டு வந்திருப்பதைச் சொன்னதும், அதை உடனே போடு என்றார். போடாவிட்டால், கணினிக்காரர்கள் ஏதோ ஒரு கட்டளை போட்டு டிஸ்க்கைப் பழுது பார்ப்பார்களாமே, அதையாவது செய் என்றார். மைத்துனர் சொல்லிக் கொடுத்திருப்பார் போல.

பழுது பார்க்கும் கட்டளையை நான் மறுத்தேன். வழி சரியில்லாதபோது அதே வழியாக ஆள் அனுப்பி வீட்டைச் செப்பனிடக் கூடாது. போகிற வழியில் செங்கல் மாறிப்போனால், நன்றாக இருக்கும் சுவரும் போய்விடும். அதற்குப் பதிலாக, இருந்த தகவல் எல்லாவற்றையும் மாற்றுக் கணினிக்கு நகல் எடுத்து வைத்தேன். அவசரத்தில் முதலில் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். மற்றதை எல்லாம் பிறகு யோசிக்கலாம்.

மாற்றுக் கணினியைப் போடுவது சுலபம். அன்றைய கண்டெய்னர் கிளம்பிவிடும். எனக்கும் நான்காவது அன்னாசி கிடைக்கும். ஆனால் காரணம் தெரியாது. காரணம் தெரியாவிட்டால் ஐந்தாம் முறையும் வரும், அப்போது அறை இருக்காது. அதை நானாக முடிவு செய்ய முடியாது. ஏனென்றால் பந்தயத்தில் இருந்தது என் விரல்கள் இல்லை. மேரி அக்காவைப் பார்த்தேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மாத்துனா இன்னிக்கு தப்பிச்சிரலாம். நாளைக்கு இதே நாத்தம் திரும்ப வரும். நின்னா நிக்கட்டும், ஒங்க கண்ணு முன்னாடி நிக்கட்டும். கண்டுபிடிங்கண்ணே. தவுக்கேகிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசினார். மலாயில், வேகமாக, கையை ஆட்டி. என்ன சொன்னாரோ, தவுக்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான் திரையின் மூலையில் லினக்ஸின் பதிவு ஓடும் ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் முன் நின்றேன். பிழை வந்தால் அதில் வரி விழும். விழவில்லை. லேபிள் ஓடியது. நான் நின்றேன். தவுக்கே என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது சுட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கணினி கெட்டுப்போக வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன்.

லேபிள் சுருள் தீர்ந்தது. கோமதி அலமாரியிலிருந்து புதுச் சுருளை இரண்டு கையாலும் தூக்கி வந்து, இயந்திரத்தில் மாட்டி, மூடியை ஓர் அழுத்து அழுத்தினாள்.

பதிவில் வரிகள் விழுந்தன. ஒன்று, இன்னொன்று, பிறகு மழை மாதிரி. இணைப்பு அறுந்தது, மறுபடி முயல்கிறேன், அறுந்தது, மறுபடி முயல்கிறேன்.

"அலமாக், ஐயோ" என்றாள் கோமதி.

"கோமதி, அந்த ரோல எடு."

"இப்பதான் அங்கிள் போட்டேன்."

"எடுமா."

எடுத்தாள். வரிகள் நின்றன.

"திரும்பப் போடு."

"என்ன அங்கிள், வெளையாடுறீங்களா?" என்று கேட்டபடி போட்டாள். வரிகள் விழுந்தன. மறுபடி எடுக்கச் சொன்னேன். நின்றன. நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். தவுக்கே எழுந்து வந்தார். ஆளுக்கு மனம் பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்.

பெட்டியை அணைத்து, அச்சு இயந்திரத்தை இறக்கி, மூடியைக் கழற்றித் திருப்பினேன். மூடியின் உட்புறம் ஓரிடத்தில் மட்டும், கட்டைவிரல் நகம் அளவுக்கு, பெயின்ட் தேய்ந்து பளபளத்தது. அதற்கு நேர் கீழேதான் டிஸ்க்கில் கேபிள் செருகும் முனை. அச்சு இயந்திரத்தின் எடையை அந்த மெல்லிய தகடு எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கிறது. முழுச் சுருள் ஏறியதும் அது இன்னும் ஒரு நூல் அளவு தாழ்ந்து கேபிள் முனையை நெம்பியிருக்கிறது. லேபிள் செலவாகச் செலவாகச் சுருள் இளைக்கும், தகடு நிமிரும், கோளாறு தானாகக் குணமாகிவிடும். நான் வரும்போது மேலே எதுவும் இருக்காது. கடையில் மூடியே இருக்காது. ஆக, குற்றவாளி ஒவ்வொரு முறையும் என் கண் முன்னாலேயே நடந்து வெளியே போயிருக்கிறான். நானே கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

தவுக்கேயிடம் இதை விளக்கினேன். நம்பவில்லை. இரண்டு டிஸ்க், ஒரு கேபிள் என்று மூன்று முறை அவரிடம் காரணம் சொன்னவன் நான். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று பழையபடி மூடியைப் போட்டு, அச்சு இயந்திரத்தை மேலே ஏற்றினேன். கணினியைப் பென் டிரைவிலிருந்து எழுப்பி, டிஸ்க்கை வெறுமனே படித்துக்கொண்டே இருக்கும்படி சொன்னேன், ஓர் எழுத்தும் எழுத விடவில்லை. இப்போது சுருளுக்குக் கை நீட்டினேன். தவுக்கே தடுத்தார். சுருளில் ஏதோ தந்திரம் செய்திருப்பேனோ என்று சந்தேகம். வேறு ஏதாவது வை என்றார்.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். அலமாரிக்குப் பக்கத்தில், நான் வந்த பிறகு எனக்காக எடுத்து வைத்த நான்காவது அன்னாசி இருந்தது. நல்ல கனம். அதைத் தூக்கி, கொண்டையோடு, அச்சு இயந்திரத்தின் தலையில் வைத்தேன்.

வரிகள் விழுந்தன.

எடுத்தேன். நின்றன.

தவுக்கே அன்னாசியை என் கையிலிருந்து வாங்கினார். அவரே வைத்தார். விழுந்தன. எடுத்தார். நின்றன. குனிந்து பெட்டியைப் பார்த்தார், அன்னாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லாகி" என்று, இன்னொரு தடவை என்று, தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி வைத்தார். லாரிக்காரர் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். முதலாளி கணினிக்கு அன்னாசி படைத்துக்கொண்டிருக்கும்போது யார் குறுக்கே பேசுவார்கள்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. நல்லபடியாக ஓடுகிறது என்பதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்று முறை நல்லபடியாக ஓடத்தான் செய்தது. வேண்டும் என்றபோது கெடுக்கவும், வேண்டும் என்றபோது நிறுத்தவும் முடிந்தால்தான் நோய் நம் கையில் இருக்கிறது என்று பொருள். அதுவரை நாம் வெறும் அன்னாசி வாங்குபவர்கள்.

பிறகு நடந்ததெல்லாம் சுலபம். பெட்டியை நிமிர்த்தி, தண்ணீர் ஏறாத உயரத்தில் தகர அலமாரியின் நடுத்தட்டில் வைத்தேன். கேபிளை மாற்றினேன், இந்த முறை காரணத்தோடு. அச்சு இயந்திரம் தனி மேசைக்குப் போனது. மேசை வாங்கத் தவுக்கே முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் அலுவலக அறையிலிருந்த மேசையையே தூக்கி வரச் சொன்னார். எண் அடித்த டின்கள் பெட்டிக்குள் போயின, பெட்டிகள் லாரியில் ஏறின, கண்டெய்னர் கிளம்பியது. மேரி அக்கா வாசல் வரை போய் அது வளைவில் திரும்புவதைப் பார்த்துவிட்டு வந்து, எனக்குத் தே ஓ கலந்தார். குவளையை நீட்டிய விரல் நுனிகளைப் பார்த்தேன். அவை அப்படியேதான் இருக்கப்போகின்றன.

சோதனைக்குப் பயன்பட்ட அன்னாசியைத் தவுக்கே தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மைத்துனருக்கும் செய்துகாட்டப் போகிறார் என்று கோமதி சொன்னாள். நான் வெறுங்கையோடு வீடு திரும்பினேன். மனைவி என் இரண்டு கைகளையும் பார்த்தார். "அப்ப நெஜமாவே சரியாயிருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் இதுதான் பெரியது.

நான் தண்டித்து வெளியே அனுப்பிய அந்த இரண்டு டிஸ்க்குகளும் குற்றமற்றவை அல்லவா. அவற்றை நன்றாகச் சோதித்து, ஒன்றை என் வீட்டுக் கணினியில் போட்டேன். எங்கள் கல்யாண வீடியோ அதில்தான் இருக்கிறது. இன்றுவரை ஒரு பிழை இல்லை. அது என்னை மன்னித்ததா என்று மட்டும் தெரியவில்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று லேபிள் அறைக்குப் போயிருந்தேன். அறை அப்படியே இருந்தது. கோமதி புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குச் சுருள் மாட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டி தன் தட்டில் நிமிர்ந்து நின்றது. சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்திருந்தது. கிறிஸ்தவரான மேரி அக்காதான் அந்தப் பொட்டை வைத்தாராம். அதன் தலைக்கு மேலே, கொட்டை எழுத்தில், இதன் மேல் எதையும் வைக்கக் கூடாது என்று தமிழிலும் மலாயிலும் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஓர் அன்னாசிப் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

மேரி அக்கா பழக்கம் மாறாமல் ஒரு பழத்தைக் கையில் கொடுத்தார். கோமதி தே ஓ நீட்டினாள். ஒரு கையில் பழம், இன்னொரு கையில் தோள்பை, குவளையை எப்படி வாங்குவது. எதிரில் தட்டையாக ஓரிடம் இருந்தது. பேச்சு மும்முரத்தில் பழத்தை அங்கே வைத்தேன்.

அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அண்ணே, கைய எடுங்க" என்றார் மேரி அக்கா. "ரிப்பேர்காரங்கள உள்ளயே விடக் கூடாதுலா."